கரண்ட் எங்கே நிற்கிறது?

மஃரிப் தொழுதுவிட்டு அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்த நேரம். உள்ளறையிலிருந்து என் ராத்தாவின் மகள் கூப்பிட்டாள். குரலில் அழுகை.

"சாச்சி, லெப்டொப் மௌத்தாப் போச்சு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரை கறுப்பு. பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு வெளிச்சம்கூட இல்லை. பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வறிக்கையை ஒப்படைக்க மூன்றே நாட்கள்தான் இருந்தன. எண்பது பக்கத்துக்கு மேல் எழுதி அதற்குள்தான் வைத்திருந்தாள். அதுமட்டுமா? மூத்தவனின் கல்யாணப் படங்கள், எங்கள் வாப்பாவின் கடைசிப் பெருநாள் படம், எல்லாமே அந்தப் பெட்டிக்குள்!

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் இரவு வந்திருக்கலாம். இல்லையென்றால் ஒரு நாள் வரலாம். கத்தாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ மாமா வாங்கி அனுப்பிய லெப்டொப் இன்று பாதி வீடுகளில் இருக்கிறது. பிள்ளையின் படிப்பு அதில், குடும்பத்தின் கணக்கு அதில், நினைவுகளும் அதில். ஆனால் அது மூச்சை நிறுத்தும்போது என்ன செய்வது என்று நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

நாங்களும் மறுநாள் காலை அப்படித்தான் ஓடினோம். கடைக்காரர் எங்கள் அடப்டரையே குத்திப் பார்த்தார். இரண்டு முறை பொத்தானை அழுத்தினார். "மதர்போட் போயிட்டுது. பத்து நாள் ஆகும்" என்றார். அவர் சொன்ன தொகைக்கு இன்னொரு லெப்டொப்பில் பாதி வாங்கிவிடலாம். அதோடு, "பாஸ்வேர்டையும் எழுதி வச்சிட்டுப் போங்க" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு உறைத்தது. கரண்ட் ஏறாத பெட்டிக்குப் பாஸ்வேர்ட் எதற்கு? பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

சைக்கிளில் வந்த கரண்ட்

எங்கள் எதிர்வீட்டு அக்கா எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். வாசலில் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "தங்கச்சி, கரண்ட் எங்க நிக்குதெண்டு முதல்ல பாத்தனீங்களோ? நாங்கள் அந்தக் காலத்தில ரேடியோ பேசாட்டி அதைத்தான் முதல் பாக்கிறது" என்றார்.

அந்தக் காலம் எது என்பதை யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகிகளுக்காகச் சொல்கிறேன். 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். கரண்ட் முதலில் போனது, நான்கு மாதம் கழித்து நாங்கள் போனோம். புத்தளத்து ஓலைக் குடிசையில் சிமினி விளக்கின் கீழ்தான் நான் மீதிப் படிப்பைப் படித்தேன். அந்தக் கதை இந்தக் கட்டுரைக்கு உரியதல்ல. இன்னொரு சமயம் பார்ப்போம்.

இங்கேயே இருந்தவர்களுக்கு வந்தது வேறு சோதனை. மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. டோர்ச் பற்றரிகூடக் குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் சில துளி எண்ணெய், மூடியில் ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது ஒரு தலைமுறை. இரவில் பி.பி.சி. தமிழோசை கேட்க வேண்டுமே? சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வயர் எடுத்து ரேடியோவுக்குக் கொடுப்பார்கள்.

அந்தச் சின்ன டைனமோவுக்குள் காந்தம் ஒன்று சுருள் கம்பிக்கு நடுவே சுழல்கிறது. அது தருவது சுமார் 6 வோல்ட், 3 வாட். அதுவும் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் மின்சாரம். ரேடியோவுக்கு ஒரே திசையில் ஓடுவதுதான் ஆகும். அதற்கு நடுவில் டயோட் எனும் மிளகளவு பொருள் நான்கு வேண்டும். வேகமாய் மிதித்தால் ரேடியோ கருகும், மெதுவாய் மிதித்தால் குரல் அமுங்கும். "மிதிக்கிறவன்ரை கால்தான் எங்கடை வோல்டேஜ் ரெகுலேட்டர்" என்றார் அக்கா. ரேடியோ ஊமையானால் யாரும் ரேடியோவைக் கழற்ற மாட்டார்களாம். டைனமோ டயரில் உரசுகிறதா, வயர் அறுந்ததா, டயோட் சுடுகிறதா என்று வரிசையாகப் பார்த்து வந்து, கடைசியில்தான் ரேடியோவிடம் போவார்களாம்.

இன்றைய லெப்டொப் அடப்டர் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி, ஒரே திசையில் ஓடும் 19 அல்லது 20 வோல்ட்டாக்கிக் கொடுக்கிறது. அளவில்தான் வித்தியாசம். சாதாரண லெப்டொப்புக்கு 65 வாட் அடப்டர். டைனமோக் கணக்கில் இருபத்தொரு சைக்கிளுக்கும் மேல் மிதிக்க வேண்டும்!

ஆகவே அக்கா சொன்ன வரிசையிலேயே நாமும் போவோம்.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

முதலில் பிளக் பொயின்ட். அதே பொயின்டில் ஒரு மேசை விளக்கையோ போன் சார்ஜரையோ குத்திப் பாருங்கள். எரிகிறதா? மல்டிபிளக்கை நம்பாதீர்கள்; லெப்டொப்பை நேரே சுவரில் குத்துங்கள். நம் பழைய வீடுகளில் உருண்டை முனைப் பொயின்ட்கள், வளைகுடாவிலிருந்து வரும் சாமான்களிலோ சதுர முனைப் பிளக். இரண்டையும் சேர்க்க ஒரு மலிவான மாற்றுப் பிளக்கைப் பொருத்துகிறோம். அது உள்ளே தளர்ந்து, பொறி பறந்து, கறுத்துப்போய்க் கிடக்கும். கறுத்த பிளக்கைத் துடைத்துப் பாவிக்காதீர்கள், எறிந்துவிடுங்கள். இன்னொரு பழக்கம், இரண்டு முனைப் பிளக்கை நுழைப்பதற்காகச் சதுரப் பொயின்டின் மேல் துளைக்குள் பேனாவை விட்டுக் குத்துவது. பிள்ளைகள் பார்த்துப் படித்துவிடுவார்கள், தயவுசெய்து வேண்டாம்.

சதுர முனைப் பிளக்குக்குள் ஒரு சின்ன பியூஸ் இருக்கிறது. திருகாணியைக் கழற்றினால் தெரியும். அது போயிருந்தால் அதே அம்பியர் எழுதிய இன்னொன்றைப் போடுங்கள். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிப் போட்டுத் தருகிற கெட்டிக்காரர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அந்தக் கெட்டித்தனம் வீட்டைக் கொளுத்தும்.

அடுத்தது வயர். பெரும்பாலான அடப்டர்களில் சுவரிலிருந்து பெட்டி வரையான துண்டு தனியாகக் கழலும். அதை அழுத்திக் குத்துங்கள். பல சமயம் தளர்ந்திருப்பது அந்த இடம்தான். எலி கடித்திருக்கிறதா என்று கட்டிலுக்குப் பின்னால் குனிந்தும் பாருங்கள்.

பச்சை வெளிச்சம் சொல்லும் பாதி உண்மை

இந்த இடத்தில்தான் எங்கள் வீட்டுக் கதை முடிச்சவிழ்ந்தது. எங்கள் அடப்டர் பெட்டியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. அது எரிந்துகொண்டே இருந்தது. ஆகவே அடப்டர் நல்லது என்று நாங்களும் நம்பினோம், கடைக்காரரும் நம்பினார். ஆனால் அந்த விளக்கு சொல்வது, கரண்ட் பெட்டி வரை வந்திருக்கிறது என்பதை மட்டும்தான். அங்கிருந்து லெப்டொப்பில் குத்தும் முனை வரை போகிறதா என்பது அதற்குத் தெரியாது!

அடுத்த தெருவில் ஒரு ஆசிரியை வீட்டில் அதே கம்பனி லெப்டொப் இருந்தது. அவர்களின் அடப்டரை இரவல் வாங்கிவந்து குத்தினோம். பக்கவாட்டில் ஒரு மஞ்சள் வெளிச்சம்! பிள்ளை அழுதேவிட்டாள். மதர்போட்டுக்கு ஒன்றுமே இல்லை. எங்கள் அடப்டரின் வயர் முனைக்குக் கிட்ட, கழுத்துப் பகுதியில் உள்ளே அறுந்திருந்தது. வெளியே ரப்பர் உறை முழுசாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பைக்குள் வைக்கும்போது ஒவ்வொரு நாளும் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டுவாள். கழுத்து ஒடியாமல் என்ன செய்யும்?

ஆகவே, லெப்டொப்பைச் சந்தேகிக்கும் முன் இன்னொரு அடப்டரால் சோதியுங்கள். ஆனால் கையில் கிடைத்ததையெல்லாம் குத்தக் கூடாது. பெட்டியின் முதுகில் பொடி எழுத்தில் எழுதியிருப்பதை வாசியுங்கள். வெளிவரும் வோல்ட் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். 19.5 என்றால் 19.5, 19க்கும் 20க்கும் உள்ள சிறு வித்தியாசத்தைப் பல லெப்டொப்கள் பொறுக்கும் என்பார்கள், ஆனால் பரிசோதனைக்கு உங்கள் பெட்டியைப் பலியாக்க வேண்டாம். அம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வாட். 19.5ஐ 3.34ஆல் பெருக்கிப் பாருங்கள், 65 வரும். 65 கேட்கும் லெப்டொப்புக்கு 45 கொடுத்தால், சில பெட்டிகள் வேலை செய்யும், ஆனால் பற்றரி ஏறாது. பிள்ளைகள் "குத்தியிருக்கு, ஆனா ஏறுதில்லை" என்பார்களே, அது இதனாலும் வரும்.

டெல் போன்ற சில கம்பனிகளின் உருண்டை முனைக்கு நடுவில் ஊசி போன்ற ஒரு கம்பி இருக்கும். அடப்டர் யாருடையது என்பதை லெப்டொப்புக்குச் சொல்வது அதுதான். அது வளைந்தால் அல்லது அறுந்தால், லெப்டொப் ஓடும், பற்றரியை மட்டும் ஏற்ற மறுக்கும். புதிய லெப்டொப்களில் போன் போல டைப்-சி முனை. அங்கே சார்ஜரும் லெப்டொப்பும் பேசி 5, 9, 15, 20 வோல்ட்டில் ஒன்றை முடிவு செய்கின்றன. வெறும் 5 வோல்ட் போன் சார்ஜரைக் குத்திவிட்டு ஏறவில்லை என்று கவலைப்பட வேண்டாம். வயரும் முக்கியம். போனோடு வரும் மெல்லிய வயர் அதிக வாட்டைத் தாங்கும் என்று எண்ணாதீர்கள்.

அடப்டர் நல்லதென்றால் அடுத்து லெப்டொப்பில் குத்தும் துளை. முனையை மெல்ல அசைத்தால் வெளிச்சம் வந்து வந்து போகிறதா? துளை தளர்ந்திருக்கிறது, அல்லது உள்ளே ஈயப் பற்று விட்டிருக்கிறது. சின்னவன் வயரில் கால் தடுக்கி விழுந்த வீடுகளில் இது அதிகம். மதர்போட்டை மாற்றத் தேவையில்லை, அந்தத் துளையை மட்டும் மாற்றலாம். டைப்-சி துளைக்குள் பஞ்சும் தூசும் அடைந்திருக்கும். லெப்டொப்பை அணைத்துவிட்டுப் பல்குத்தும் ஈர்க்கால் மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டாம்.

முப்பது விநாடி வைத்தியம்

எல்லாம் சரி, ஆனாலும் பெட்டி எழும்பவில்லை என்றால் ஒரு வைத்தியம் உண்டு. அடப்டரைக் கழற்றுங்கள். பற்றரி வெளியே கழலும் மொடல் என்றால் அதையும் கழற்றுங்கள். பிறகு பவர் பொத்தானை முப்பது விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மிச்ச மின்சாரம் வடிந்து, பவரைக் கவனிக்கும் சின்ன மூளை புதிதாகத் தொடங்கும். பிறகு அடப்டரை மட்டும் குத்தி எழுப்பிப் பாருங்கள். மந்திரம் போலத் தோன்றும், ஆனால் எத்தனையோ பெட்டிகள் இதனாலேயே எழும்பியிருக்கின்றன. விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் அது வேறு நோய். டோர்ச் அடித்துத் திரையை உற்றுப் பாருங்கள். மங்கலாக ஏதாவது தெரிந்தால் திரையின் வெளிச்சம்தான் போயிருக்கிறது.

அறுபதிலோ எண்பதிலோ வந்து ஏறாமல் நின்றால் அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். பற்றரி நீடித்து உழைக்க அப்படி நிறுத்தும் ஏற்பாடு லெனோவோ, அசூஸ் போன்றவற்றில் உண்டு. செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் கட்டில் மெத்தைமேல் வைத்துப் பாவித்தால், சூட்டினாலும் ஏறுவது நிற்கும். பலகையின்மேல் வையுங்கள்.

லெப்டொப்பின் உலோக உடம்பைத் தொட்டால் விறுவிறு என்கிறதா? வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நிற்கும் நமக்குத்தான் அது நன்றாகத் தெரியும். மூன்று முனைப் பிளக்காக இருந்தும் அப்படி வந்தால், உங்கள் வீட்டின் எர்த் வயரை ஒரு மின்வேலைக்காரரிடம் காட்டுங்கள். அது லெப்டொப்பின் குற்றமல்ல, வீட்டின் குற்றம். அதே பொயின்டில்தானே நாளை அயன் பெட்டியையும் குத்துவீர்கள்?

பற்றரி வீங்கினால்

இதை மட்டும் கவனமாக வாசியுங்கள். விரல் தடவும் பகுதி மேலே எழும்பி நிற்கிறதா? மூடி சரியாக மூடவில்லையா? மேசையில் வைத்தால் அடி ஆடுகிறதா? உள்ளே பற்றரி வீங்கியிருக்கிறது. லித்தியம் பற்றரிக்குள் வாயு சேர்ந்து அப்படி ஆகிறது. அந்த நிமிடமே அடப்டரைக் கழற்றுங்கள். மறுபடி ஏற்றக் கூடாது. அழுத்திச் சமப்படுத்தக் கூடாது, குத்தக் கூடாது. பிள்ளைகள் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். வெளி விறாந்தையில், நிழலில், சீமெந்துத் தரையில் வைத்துவிட்டு, கழற்றத் தெரிந்தவரை அழையுங்கள்.

நம் வளவுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. பின்பக்கம் சருகு கூட்டிக் கொளுத்தும்போது வீட்டுக் குப்பையையும் அதில் போடுவது. பழைய பற்றரி அதில் விழுந்தால் வெடிக்கும். அதன் புகை நஞ்சு. திருத்தும் கடையிலோ இலத்திரனியல் கழிவு சேர்ப்பவர்களிடமோ கொடுங்கள்.

வீங்காத பற்றரியும் வயதாகும். முழுதாக ஏற்றி முழுதாக இறக்கும் கணக்கில் முந்நூறு முதல் ஐந்நூறு தடவைக்குள் அதன் கொள்ளளவு நன்றாகக் குறைந்துவிடும். மூன்று வருடப் பற்றரி ஒரு மணித்தியாலம்தான் நிற்கிறது என்றால் யாரையும் நோக வேண்டாம், பற்றரியை மாற்றுங்கள்.

கடையில் கொடுக்கு முன்

இத்தனையும் பார்த்த பிறகு உண்மையாகவே மதர்போட் பழுதாகவும் இருக்கலாம். அப்போது கடைக்குத்தான் போக வேண்டும். அடப்டரையும் கூடவே கொண்டு போங்கள். "உங்களிடம் உள்ள வேறு அடப்டரால் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்கும் தொனியிலேயே அவருக்கு விளங்கிவிடும்.

நம் பெண்களின் படங்கள் அதற்குள் இருக்கின்றன அல்லவா? கரண்ட் பழுதைத் திருத்தப் பாஸ்வேர்ட் தேவையில்லை. கொடுக்காதீர்கள். பாஸ்வேர்ட் மட்டும் காவல் என்றும் எண்ணாதீர்கள்; தகவல் சேமிக்கும் தட்டைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டால் உள்ளே பார்க்க முடியும். ஆகவே உங்கள் முன்னாலேயே அந்தத் தட்டைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். பல மொடல்களில் அது சூயிங்கம் துண்டளவு பலகைதான், ஒரு திருகாணி. அதை வீட்டுக்குக் கொண்டு வந்து, ஒரு சிறு உறையில் போட்டு வேறு கணினியில் குத்தினால் ஆய்வறிக்கையும் படங்களும் கைக்கு வரும். பெட்டி செத்தாலும் எழுத்துச் சாகாது! சில புதிய மொடல்களில் தட்டு பலகையோடு ஒட்டியே இருக்கும், கழற்ற முடியாது. விண்டோஸ் 11இல் தட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கவும் கூடும். அப்படியானால் 48 இலக்கத் திறப்பு எண் வேண்டும். அது உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். பெட்டி நல்லாயிருக்கும்போதே அதை ஒரு தாளில் எழுதி அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போய் வரும் நாட்கள்

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு பகலில், பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு பட்டதாம், முழு இலங்கையும் இருண்டது! சிரிப்பு வந்தாலும், பெட்டிகளுக்கு ஆபத்து கரண்ட் போகும்போது அல்ல, திரும்பி வரும்போதுதான். திடீரென ஏறி இறங்கும் வோல்ட்டேஜ் அடப்டரைத் தாக்கும். கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றுங்கள். வந்ததும் ஐந்து நிமிடம் விளக்குகள் நிதானமாக எரிகின்றனவா என்று பார்த்துவிட்டுக் குத்துங்கள். ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே இழுத்துவிடுங்கள். கல்யாண வீட்டுச் சின்ன ஜெனரேட்டரில் லெப்டொப்பைக் குத்துவதையும் தவிருங்கள். அதில் சோறு சூடாக்கும் சட்டியைப் போட்டு எடுக்கும்போதெல்லாம் வோல்ட்டேஜ் துள்ளும்.

எங்கள் பிள்ளை ஒரு நாள் முன்னதாகவே ஆய்வறிக்கையை ஒப்படைத்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். ஆசிரியை வீட்டு அடப்டரை, ஒரு தட்டு வட்டிலாப்பத்தோடு திருப்பிக் கொடுத்தோம். எங்களுடையதை எதிர்வீட்டு அக்காவின் பேரன் வாங்கிப்போனான். அறுந்த கழுத்தை வெட்டியெறிந்து, புது முனை பற்றவைத்து, மறுநாள் கொண்டு வந்து தந்தான். அக்காவும் கூடவே வந்திருந்தார். பச்சை விளக்கை நம்பாமல், முனையில் மீட்டரை வைத்து 19.4 என்று காட்டிய பிறகுதான் பேரனைத் தேநீர் குடிக்க விட்டார்.